பதினோரு நிமிட விமானமும் நாற்பத்திரண்டு அடித் தெருவும்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். உறையூர் வெக்காளியம்மன் முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சொல்லத் தயார். அந்த அம்மனின் தலைக்கு மேலே கூரை கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். பொய் சொன்னால் தடுத்து நிறுத்த ஓர் ஓடுகூட இல்லை, நேரே மேலே போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் சொல்லத் துணிந்த கதை இது. நம்ப முடியாது என்று தோன்றுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். பாதியில் எழுந்து போவது சொல்கிறவருக்கு மரியாதைக் குறைவு.

அந்த வருஷம் தை மாதம் பதினெட்டாம் தேதி முதல் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் பதினோரு நிமிடத்தில் போக ஆரம்பித்தது. விமானம் பழைய விமானம்தான். விமானியும் பழையவர்தான், அதே மூக்குக்கண்ணாடி. வேகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தூரத்தைத்தான் குறைத்துவிட்டார்கள். பயணிகள் பெல்ட்டைப் போடுவதற்கும் கழற்றுவதற்கும் நடுவில் ஒரு மிட்டாய் வாயில் கரையும். முழுசாகக் கரையாது.

சிங்கப்பூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த லால்குடி சகாயராஜ், தினமும் சாயங்காலம் வேலை முடிந்ததும் விமானம் பிடித்து லால்குடிக்கு வந்து, ரசம் சாதம் சாப்பிட்டு, இரண்டாம் வகுப்பு படிக்கிற மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துவிட்டு, காலையில் திரும்பிப் போனார். ஐந்து வருஷமாகப் போட்டோவில் மட்டும் அப்பா முகம் பார்த்த பெண், மூன்றே வாரத்தில் அவர் மேல் சலித்துக்கொள்ளும் அளவுக்கு முன்னேறிவிட்டாள். இதைவிடப் பெரிய விஞ்ஞான சாதனை வேறு என்ன வேண்டும்?

இந்தச் சாதனைக்குப் பின்னால் இருந்தவர் அம்பலவாணன். வயது ஐம்பத்தாறு. நில அளவைத் துறையில் முப்பது வருஷம் சங்கிலி பிடித்துவிட்டு, குறுவழி என்ற கம்பெனியில் தூர இருப்பு அலுவலராகச் சேர்ந்தவர். அந்த வேலை என்ன வேலை என்பதை, சேர்ந்த முதல் நாளே கம்பெனியின் என்ஜினியர் ரெஜினா அவருக்கு விளக்கிவிட்டாள். பாலக்கரைப் பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். எதையும் சுற்றி வளைத்துப் பேச மாட்டாள்.

"தூரத்தை அழிக்க முடியாது சார். ஒரு இடத்துல எடுத்தா இன்னொரு இடத்துல கொட்டியாகணும். வீடு கூட்டுற மாதிரிதான். இந்த ரூம் குப்பை அந்த ரூமுக்குப் போகும்."

"திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் எவ்வளவும்மா?"

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது கிலோமீட்டர்."

"கடல்ல கொட்டிருங்களேன்."

"கப்பல்காரங்க விடல. பாலைவனத்துல கொட்டிப் பார்த்தோம், ஒரு ஒட்டகம் வந்து நடந்துருச்சு."

"நடந்தா என்ன?"

"கொட்டி வெச்ச தூரத்துல யாராவது நடந்தா, நடந்த அளவு திரும்ப ஆகாசத்துக்கே போயிடும் சார். அந்த ஒட்டகம் ஆறு நாள் நடந்துச்சு. விமானத்துக்குப் பதினெட்டு நிமிஷம் கூடிருச்சு." ரெஜினா பெருமூச்சு விட்டாள். "எங்களுக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு வாசல். இந்த வாசல்ல கிளம்பி அந்த வாசலுக்கு யாரும் போகக் கூடாது. அஞ்சு வருஷமா போயிருக்கக் கூடாது, இனிமேலும் போகக் கூடாது. அப்படி மனுஷன் போகாத இடம் எங்க சார் இருக்கு?"

அம்பலவாணன் யோசிக்கிற பாவனையில் தம் வலது காதைத் தடவினார். யோசிக்க ஒன்றுமே இல்லை. அந்த இடம் அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் வீட்டு முன்வாசலுக்கும் எதிர்வீட்டு முன்வாசலுக்கும் நடுவில் இருந்தது. நாற்பத்திரண்டு அடி. அவரே ஒரு காலத்தில் டேப் வைத்து அளந்தது.

எதிர்வீட்டில் இருந்தது அவருடைய சொந்த அக்கா, கோமளவல்லி.

ஒன்பது வருஷத்துக்கு முன் அத்தானுக்கு மணிவிழா நடந்தது. மண்டபம் பிடிப்பதிலிருந்து பந்தியில் அப்பளம் போடுவதுவரை அம்பலவாணன்தான் ஓடினார். கடைசியில் குடும்பப் போட்டோ எடுத்தார்கள். ஆல்பம் வந்தது. முப்பத்தேழு பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற அந்தப் பெரிய படத்தின் வலது ஓரத்தில் அம்பலவாணனின் ஒரு காது இருந்தது. காதுக்குக் கீழே கொஞ்சம் தோள். மற்றபடி அவர் இல்லை.

"என்னக்கா இது?" என்று கேட்டார்.

அக்கா ஆல்பத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "காது வந்திருக்கேடா, அது போதாதா? நான் பேசுறதைக் கேக்க அதானே வேணும்!" என்று சொல்லிச் சிரித்தாள். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அம்பலவாணன் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து தெருவைப் பார்த்த ஜன்னலுக்குக் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்தார். முன்கேட்டைப் பூட்டினார். பின்பக்கச் சுவரை இடித்துக் கொல்லைப்புறம் ஒரு கேட் வைத்து, அதற்குப் பிறகு அந்த வழியாகவே அலுவலகம் போய் வந்தார். "அந்த வீட்டுப் பேச்சு இந்த வீட்டுல எடுக்கக் கூடாது" என்று மனைவி பூரணிக்கு உத்தரவு போட்டார். ஒரு காதுக்காக ஒருவர் ஒன்பது வருஷம் தம் வீட்டுக்குத் தாமே திருடனைப் போலக் கொல்லைப்புறமாக வந்து போவாரா என்று கேட்கலாம். கேட்கிறவர்களுக்குச் சொந்தபந்தம் குறைவு என்றுதான் அர்த்தம்.

படிவம் எளிமையாக இருந்தது. 'மேற்கண்ட இரு முன்வாயில்களுக்கிடையே கடந்த ஐந்து ஆண்டுகளில் எவரும் சென்றதில்லை. இனியும் செல்லமாட்டார்கள் என இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.' அம்பலவாணன் கையெழுத்துப் போட்டார். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. தம் கோபம் நாட்டுக்கே உபயோகப்படுகிறது என்று ஒரு நினைப்பு. அதற்கும் அடியில் இன்னொரு நினைப்பு இருந்தது. வங்காள விரிகுடாவையே தூக்கி அக்கா வாசலில் போட்டாயிற்று, இனி சிரிக்கட்டும் பார்ப்போம்.

தை பதினெட்டாம் தேதி காலை ஆறு மணிக்குத் தெருவில் யார் கண்ணுக்கும் தெரியாமல் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது கிலோமீட்டர் வந்து படுத்துக்கொண்டது. தெருவில் போகிற வருகிற சைக்கிள், ஆட்டோ, மாடு எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வாசலில் கிளம்பி இந்த வாசலுக்கு வருகிறவர்களுக்கு மட்டும்தான் அந்தத் தூரம். அப்படி வருகிறவர்கள்தான் யாரும் கிடையாதே.

சித்திரை மாதம் ஒரு நாள் விமானம் பன்னிரண்டரை நிமிடம் எடுத்தது. மறுநாள் பதினான்கு. காற்று என்றார்கள். ஒரு வாரத்தில் இருபத்திரண்டு ஆனது. காற்று அவ்வளவு ஒழுங்காகத் தினமும் ஒன்றரை நிமிடம் அடிக்காது என்று ரெஜினா சொன்னாள். பத்தொன்பதாம் நாள் நாற்பது நிமிடம் ஆனபோது அவள் அம்பலவாணனின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"உங்க இருப்புல யாரோ நடக்குறாங்க சார்."

"இருக்காதும்மா. மாடு கீடு வந்திருக்கும்."

"மாடு காலைல அஞ்சரைக்கு ஆரம்பிச்சுப் பத்து மணிக்கு நிறுத்தாது. அப்புறம் சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி ஆரம்பிக்காது. ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர். ஞாயித்துக்கிழமை லீவுகூட இல்லை. வாங்க, போய்ப் பார்க்கலாம்."

அம்பலவாணனின் வலது காது சூடாயிற்று.

சாயங்காலம் நாலரை மணிக்கு ரெஜினாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவர் தம் வீட்டின் முன்தெருவுக்கு வந்தார். தம் வீட்டின் முகம் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. கேட்டில் துரு ஏறியிருந்தது. பலகை அடித்த ஜன்னலில் ஒரு அணில் குடித்தனம் நடத்தியது. பக்கத்தில் இஸ்திரி வண்டிக்காரர் செவந்திலிங்கம், பெட்டியில் கரி ஊதிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்தார்.

"அடடே, வாங்க சார். ஒன்பது வருஷமா உங்க சட்டையத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். உள்ள ஆள் இருக்காருன்னு இன்னிக்குத்தான் உறுதியாச்சு."

அம்பலவாணன் அதைக் கேட்கவில்லை. எதிர்வாசலுக்கு ஐந்தாறு அடி முன்னால் தெருவில் அக்கா நடந்துகொண்டிருந்தாள்.

அறுபத்திரண்டு வயது. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். கையில் எவர்சில்வர் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம், மேலே ஒரு கல்யாணப் பத்திரிகை. தோளில் ஒரு துண்டு. கால்கள் வேகமாகப் போய்க்கொண்டிருந்தன. ஆள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள். நன்றாக உற்றுப் பார்த்தால்தான் நகர்கிறாள் என்று தெரியும், கடிகாரத்தின் சின்ன முள்ளைப் போல. அவள் வீட்டு வாசலிலிருந்து தரையில் சாக்பீஸால் குறுக்குக் கோடுகள் வரிசையாகக் கிழிக்கப்பட்டிருந்தன. பத்தொன்பது கோடு. கோட்டுக்குக் கோடு மூன்றரை அங்குலம்கூட இல்லை. எதிர்வாசலில் நாற்காலி போட்டு அத்தான் உட்கார்ந்திருந்தார். இருதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்தவர், நடக்கக் கூடாது. அதனால் கையை ஆட்டி உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார்.

"உங்க அக்கா பொண்ணு தமயந்திக்குக் கல்யாணம் சார்," என்று செவந்திலிங்கம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "வைகாசி இருபதாம் தேதி. உங்களுக்குத்தான் முதல் பத்திரிகை வெக்கணுமாம். குலதெய்வத்துக்கு வெச்சாச்சு, அடுத்தது தாய்மாமன். மாமனுக்கு வெக்காம மத்த யாருக்கும் வெக்கக் கூடாதாமே? எண்ணூறு பத்திரிகை கட்டுப் பிரிக்காம அப்படியே கிடக்கு. அம்மா கிளம்பி இன்னியோட பத்தொன்பது நாள். கோடு நான்தான் போட்டுக் கொடுக்குறேன், மறுநாள் விட்ட இடத்துலேருந்து ஆரம்பிக்கணும் இல்லையா?"

"நீங்க யாருமே ஏன்னு கேக்கலயா?" என்றாள் ரெஜினா.

"வேண்டுதல்னு நெனச்சோம் பாப்பா. நாலாவது நாள்தான் தெரிஞ்சுது, வழிதான் நீண்டு போச்சுன்னு. ஒரு நாள் ஓரமாச் சுத்திப் போய் உங்க கேட் கிட்ட நின்னாங்க. தாழ்ப்பாளுக்கும் கைக்கும் ஒரு சாண். மூணு மணி நேரம் கையை நீட்டுறாங்க, அந்த ஒரு சாண் அப்படியே நிக்குது. மிச்ச தூரம் பூரா அங்க வந்து உக்காந்துக்கிட்டா என்ன பண்றது? சரி, நேராவே நடந்துருவோம்னு திரும்பிட்டாங்க."

அம்பலவாணன் மனசில் கணக்குப் போட்டார். முப்பது வருஷம் அளந்தவர், அதை நிறுத்த முடியாது. இந்த வேகத்தில் அக்கா அவர் வாசலுக்கு வந்து சேர இன்னும் நூற்று முப்பது நாள். கல்யாணத்துக்கு இருபத்து நாலு நாள்.

அக்கா அவரைப் பார்த்துவிட்டாள். நடையை நிறுத்தவில்லை.

"வாடா அம்பலம். இளைச்சுப் போயிட்டே."

"வெயில்ல ஏங்க்கா..." என்று அம்பலவாணன் ஆரம்பித்தார்.

"ஏங்க்காவா? பத்திரிகை வெக்க வரேன். பொண்ணு கையைப் புடிச்சு மணவறைக்கு யாரு கூட்டிட்டுப் போவா? இஸ்திரிக்காரரா?"

"நான் வேணா வரேன்மா," என்றார் செவந்திலிங்கம்.

"நீங்க சும்மா இருங்க."

"தட்டை இங்கயே கொடுக்கா, நான் வாங்கிக்கிறேன்," என்றார் அம்பலவாணன். பத்தே எட்டில் அவள் பக்கத்தில் போய் நிற்க முடிந்தது. அவர்தான் தம் முன்வாசலிலிருந்து கிளம்பவில்லையே.

கோமளவல்லி தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நடுத்தெருவுல வெச்சுக் கொடுக்க இது என்ன, ஓட்டு நோட்டீஸா? உன் வாசலேறி வந்து, உன்னையும் பூரணியையும் கிழக்கே பார்க்க நிக்க வெச்சு, விளக்குக்கு முன்னாடி கொடுக்கணும். கொல்லைக் கேட் வழியா வந்திருந்தா முதல் நாளே வந்திருப்பேன். கல்யாணத் தட்டை எடுத்துக்கிட்டுக் கொல்லைப்புறமா வருவாளா ஒருத்தி?"

"நடக்க நடக்க வழி நீளுதே, பயமா இல்லையாக்கா?"

அவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கால் நிற்கவில்லை. "நமக்கு நடுவுல தூரம் ஆயிப்போச்சுன்னு தெரியும்டா. ஏதோ கொஞ்சம் பார்க்கும்படியா ஆயிருச்சு, அவ்வளவுதானே."

ரெஜினா அம்பலவாணனின் முகத்தைப் பார்த்தாள். இப்போது சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, தெருமுனையைச் சுற்றிக் கொல்லைக் கேட் வழியாக வீட்டுக்குள் போய்விட்டார். ரெஜினா பின்னாலேயே போனாள்.

பூரணி அடுப்படியில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா பத்தொன்பது நாளா தெருவுல நடக்குறது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"அந்த வீட்டுப் பேச்சு எடுக்கக் கூடாதுன்னீங்க. எடுக்கல." அவள் சீவலை எண்ணெயில் போட்டாள். "மோர் மட்டும் கொண்டுபோய்க் கொடுக்குறேன், ஒரு நாளைக்கு நாலு தடவை. அது பேச்சில்லையே."

"மேடம்," என்றாள் ரெஜினா மெதுவாக, "இதுக்கு முன்னாடி இந்த ரெண்டு வாசலுக்கும் நடுவுல யாராவது போய் வந்திருக்காங்களா?"

பூரணி அவளைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். எதையோ இறக்கி வைக்கிறவளைப் போலக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏன் போகாம? இவரு ஆபீஸ் கிளம்பினதும் முன்கேட்டைத் திறந்தா, ராத்திரி சமையலுக்குத்தான் மூடுவேன். நான் போவேன், அண்ணி வருவாங்க, தமயந்தி வருவா. ஒன்பது வருஷமா இவரு தீபாவளிக்குத் தின்ன அதிரசம் எல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்சாரு? எனக்குப் பாகு பதம் வராதுன்னு ஊருக்கே தெரியும். தை மாசம் ஒரு நாள் ஒரு கிண்ணம் ரசத்தோட கிளம்பினேன். அரை மணி நேரம் நடக்குறேன், அண்ணி வாசல் வரல. தலைசுத்தல்னு டாக்டர்கிட்டப் போனேன். வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தாரு. அதுலேருந்து கொல்லை வழியாத்தான் போறேன்." அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "ஊர்ல எல்லாரும் போயிட்டு வந்துக்கிட்டுத்தான் இருக்கோம். போகாதது நீங்க ஒருத்தர்தான்."

அதிரசத்தின் ருசி அம்பலவாணனுக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வருஷமும், "இந்தத் தடவை பாகு நல்லா வந்திருக்கே பூரணி" என்று அவர் பாராட்டியிருந்தார். பூரணி, "ஆமாங்க" என்றிருந்தாள். இரண்டு காதும் சூடாகிக் கழுத்துவரை இறங்கியது.

"என்னங்க, என்ன விஷயம்? இந்தப் பொண்ணு யாரு?"

அவர் சொன்னார். படிவத்தைப் பற்றிச் சொன்னார், கையெழுத்தைப் பற்றிச் சொன்னார். குளுகுளுவென்று இருந்ததைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, அதையும் சொன்னார். பூரணி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுப்பை அணைத்துவிட்டு, "அப்ப அந்த வைட்டமின் மாத்திரை..." என்று மட்டும் கேட்டாள்.

"இதை எடுக்க முடியுமாம்மா?" என்று அவர் ரெஜினாவைக் கேட்டார்.

"எடுக்கலாம் சார். எழுதிக் கொடுத்தவரே 'நான் கொடுத்த உறுதிமொழி பொய்'னு எழுதிக் கொடுக்கணும். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, அதை நிரப்பணும். அதை ரெண்டு ஏர்போர்ட்லயும் போர்டுல ஒட்டுவாங்க, விதி அப்படி. வேலை போயிடும். பென்ஷன்காரங்களுக்கு வர்ற மரியாதையும் போயிடும்." அவள் பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். "இன்னொண்ணும் இருக்கு. வேற வாசல் கிடைக்கிறவரை விமானம் பழைய நேரத்துக்குப் போயிடும். சகாயராஜ் மாதிரி ஆளுங்க வீட்டுக்கு வர முடியாது."

அம்பலவாணன் படிவத்தை வாங்கினார். காரணம் என்ற கட்டம் சின்னதாக இருந்தது. 'தவறான தகவல்' என்று எழுதினார், அடித்தார். 'போதிய விசாரணை இன்மை' என்று எழுதினார், அதையும் அடித்தார். வெளியே சாக்பீஸ் உரசுகிற சத்தம் கேட்டது. செவந்திலிங்கம் இருபதாவது கோட்டைப் போடுகிறார். கட்டத்தில் மிச்சம் இருந்த இடத்தில், நுணுக்கி நுணுக்கி எழுதினார்: 'எல்லோரும் போய் வந்திருக்கிறார்கள். எனக்குத்தான் தெரியாது.'

மறுநாள் காலை ஆறு மணிக்கு இருப்பை எடுப்பார்கள் என்று ரெஜினா சொல்லியிருந்தாள். ஐந்தரைக்கே அம்பலவாணன் முன்கேட்டைத் திறந்து வைத்து, வெள்ளை வேட்டியில் நின்றார். பூரணி விளக்கேற்றி வைத்திருந்தாள். அக்கா இருபதாவது கோட்டிலிருந்து தாம்பாளத்தோடு நடையைத் தொடங்கியிருந்தாள். தெருவே வாசலில் நின்றது.

ஆறு மணி ஆயிற்று. சத்தம் எதுவும் வரவில்லை. இருபது நாள் இருபது கிலோமீட்டர் வீதம் நடந்து பழகிய கால் அது. தடை போனது அதற்குத் தெரியாது. கோமளவல்லி அம்பு மாதிரி தெருவைக் கடந்து, கேட்டைக் கடந்து, விளக்கைக் கடந்து, தண்ணீர்ப் பீப்பாயில் மோதித்தான் நின்றாள். தாம்பாளத்திலிருந்து ஒரு பாக்குகூடக் கீழே விழவில்லை.

மூச்சு வாங்கி முடித்ததும் நிமிர்ந்து, "கிழக்கே பார்த்து நில்லுங்க ரெண்டு பேரும்" என்றாள்.

"அக்கா, அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அந்தத் தூரத்தை இங்க கொண்டுவந்து போட்டது நான்தான். நானே கையெழுத்துப் போட்டேன்." தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். இல்லாவிட்டால் இன்னொரு தடவை சொல்ல வராது என்று அவருக்குத் தெரியும்.

அத்தான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கோமளவல்லி தம்பியை மேலும் கீழும் பார்த்தாள்.

"எவ்வளவுடா?"

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது கிலோமீட்டர்."

"அவ்வளவுதானா?" என்றாள் அக்கா. "நான் இன்னும் ஜாஸ்தின்னு நெனச்சேன்." பிறகு பத்திரிகையை எடுத்துக் குங்குமம் தொட்டு வைத்து, தாம்பாளத்தை நீட்டினாள். அவள் பாதத்தில் இருந்த கொப்புளங்களைப் பார்த்தபடியே அம்பலவாணன் அதை வாங்கிக்கொண்டார்.

அந்த வாரமே அரசாங்கம் ஒரு புதுவிதி போட்டது. இனி ஒருவர் மட்டும் எழுதிக் கொடுத்தால் செல்லாது. போக்குவரத்து இல்லாத இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அறுநூற்று நாற்பது ஜோடி வீடுகள் ஆவலாக விண்ணப்பித்தன. ஓரகத்திகள், பங்காளிகள், மாமியார் மருமகள் என்று எல்லா ரகமும் வந்தது. ஒரே மேஜையில் உட்கார வைத்தால் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதிப் பாதி காபி குடித்துப் பேச ஆரம்பித்து, தகுதி இழந்தார்கள். குறுவழிக் கம்பெனி ஆனியில் கடையைக் கட்டியது.

கல்யாணம் நடந்தது. அம்பலவாணன் தமயந்தியின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப் போனார். குடும்பப் போட்டோவில் அவரை நட்டநடுவில் நிறுத்தினார்கள். படம் வந்தபோது, முன்னால் நின்ற சம்பந்தியின் தலைப்பாகை அவர் முகத்தை முழுக்க மறைத்திருந்தது. அக்கா பயந்து பயந்து ஆல்பத்தைக் காட்டினாள். "தலைப்பாகை நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் மூடி வைத்தார்.

ஆனால் அதற்கு முன்னால், வேலையை ஒப்படைக்க விமான நிலையத்துக்குப் போன அன்று, அறிவிப்புப் பலகைக்கு முன்னால் சகாயராஜ் நின்று அம்பலவாணனின் நுணுக்கு எழுத்தை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்துத் திரும்பி, இவர் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையில் அதே பெயரைப் பார்த்தார்.

"எழுதினது நீங்களா சார்?"

"ஆமா."

"உங்க வீட்டுச் சண்டைலதான் நான் வந்து போய்க்கிட்டிருந்தேனா?"

அம்பலவாணன் தலையை ஆட்டினார்.

"சேர்ந்துட்டீங்களா?"

"சேர்ந்துட்டோம்."

"நல்லது சார்," என்றார் சகாயராஜ். நிஜமாகவே சொன்னார், அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு அடி போனவர் நின்றார். "பாப்பா பதினாலாம் வாய்ப்பாட்டுல நிக்குது. இனிமே எப்ப வருவேன்னு கேட்டா என்ன சார் சொல்லட்டும்?"

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்பலவாணன் தம் முன்வாசல் வழியாகக் கிளம்பி, பஸ் பிடித்து லால்குடிக்குப் போய், அந்தப் பெண்ணுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறார். அவள் பதினெட்டாம் வாய்ப்பாட்டுக்குப் போய்விட்டாள். அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்து அவள் இதுவரை ஒரு தடவைகூடச் சலித்துக்கொண்டதில்லை. வேற்று ஆளிடம் அவள் அப்படி நடந்துகொள்ள மாட்டாள்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் சுமார் நாலு மணி நேரம் ஆகிறது. விமானம் விட்ட நாளிலிருந்து ஒரு நாள்கூட அது பதினோரு நிமிடமாக இருந்ததில்லை என்று விமான நிலையத்தில் சொல்வார்கள். அவர்கள் தலைக்கு மேலே கூரை இருக்கிறது.